உங்கள் சிறுநீரக ரிப்போர்ட்டை நீங்களே வாசியுங்கள்

யட்டவத்தயில் ஒருவருக்குக் கிட்னியில் பிரச்சினை என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள்?’ என்றுதான். கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. இதே மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைக்கு அப்பால் இருக்கும் வில்கமுவ, காரணம் தெரியாத சிறுநீரக நோயால் விவசாயிகள் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அநுராதபுரம், பொலன்னறுவை பற்றிய செய்திகளையும் இருபது முப்பது வருடமாகக் கேட்டு வருகிறோம்.

ஆனால் உங்களுக்கு வந்திருப்பதும் அதுதானா? அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். உலகம் முழுவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதல் இரண்டு காரணங்கள் சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும் (உயர் இரத்த அழுத்தம்) தான். இவற்றில் ஒன்று உங்களுக்குப் பல வருடமாக இருந்தால், கிணற்றைச் சந்தேகிப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கிணற்றையே குறைசொல்லிக்கொண்டு பிரஷர் குளிசையை விட்டுவிட்டால், இழப்பு உங்களுக்குத்தான்.

இந்த நோயை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? அது தன்னை உடம்பில் காட்டுவதைவிட எண்களில்தான் காட்டுகிறது. அந்த எண்கள் உங்கள் கிளினிக் கொப்பியிலேயே இருக்கின்றன. அவற்றை வாசிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில், சிறுநீரகம் என்ன செய்கிறது? முதுகுப் பக்கம், கீழ் விலா எலும்புகளுக்கு அருகே, கைமுட்டி அளவில் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஒன்று இரண்டு லீற்றரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. பிரஷரைச் சீராக வைப்பது, இரத்தம் ஊறச் செய்வது, எலும்பைப் பலமாக வைப்பது ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தச் சோகையும் எலும்பு வலியும் சேர்ந்தே வரலாம்.

‘நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று ஏன் சொல்கிறார்கள்? பழுது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒரே ஒரு ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால் அது காய்ச்சலாலும் இருக்கலாம், வயிற்றோட்டத்தாலும் இருக்கலாம். திரும்பவும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

‘எனக்கு ஒரு வலியும் இல்லை, மூத்திரமும் நன்றாகப் போகிறது, பிறகு எப்படிக் கிட்னி நோய்?’ கிளினிக்கில் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வடிகட்டிகளில் பாதிக்கு மேல் போன பிறகும் மிச்சமிருப்பவை கூடுதலாக வேலை செய்து சமாளிக்கும். சிறுநீரின் அளவு கடைசிக் கட்டம் வரை குறையாமலே இருக்கலாம். குறைவது, அதோடு வெளியேற வேண்டிய கழிவு. கால் வீக்கம், பசியின்மை, குமட்டல், தோல் அரிப்பு, மூச்சு வாங்குதல் எல்லாம் பிந்தியே வரும். அவை வரட்டும் என்று காத்திருந்தால், காப்பாற்ற முடிந்த காலம் கடந்துவிடும்.

சரி, கொப்பியில் எதைத் தேடுவது? முதலாவது சீரம் கிரியாட்டினின் (தசைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் ஒரு கழிவு). சிறுநீரகம் தளர்ந்தால் இது கூடும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஓர் இடத்து ரிப்போர்ட்டில் 1.8 என்றும் இன்னோர் இடத்து ரிப்போர்ட்டில் 159 என்றும் வரும். பார்த்ததும் நெஞ்சு பதறும். இரண்டும் ஒன்றுதான். முதலாவது மில்லிகிராம் கணக்கு, இரண்டாவது மைக்ரோமோல் கணக்கு. மில்லிகிராம் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் மற்றது வரும். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். முடியாவிட்டால் அலகையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

கிரியாட்டினின் மட்டும் போதுமா? போதாது. 58 வயது ஆண் ஒருவருக்கும் அதே வயதுப் பெண் ஒருவருக்கும் 1.8 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று உலகில் பரவலாகப் பயன்படும் 2021 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் ஆணின் வடிகட்டல் வேகம் 43, பெண்ணுடையது 32. எண் ஒன்று, நிலைமை இரண்டு. தசை குறைந்த உடம்பில் கிரியாட்டினின் குறைவாகவே உண்டாகும். ஆகவே மெலிந்த ஒருவரின் 1.8, கட்டான உடம்புக்காரரின் 1.8 ஐ விட மோசமான செய்தி. நீங்கள் கேட்க வேண்டியது ‘ஈ-ஜிஎப்ஆர் எவ்வளவு?’ என்று. மதிப்பிட்ட வடிகட்டல் வேகம் (ஒரு நிமிடத்தில் சிறுநீரகம் எத்தனை மில்லிலீற்றர் இரத்தநீரைச் சுத்தம் செய்கிறது) என்பது அதன் பொருள். ரிப்போர்ட்டில் அச்சாகாவிட்டால் வைத்தியரிடம் கேளுங்கள். அரை நிமிடக் கணக்கு.

இதை வைத்துத்தான் நிலைகளைப் பிரிக்கிறார்கள். 90 உம் அதற்கு மேலும் முதல் நிலை. 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை. இந்த இரண்டிலும், சிறுநீரில் புரதம் போவது போன்ற வேறு பழுது இருந்தால்தான் நோய் என்பார்கள். 45 முதல் 59 வரை மூன்றாம் நிலையின் முதற்பாதி, 30 முதல் 44 வரை அதன் பிற்பாதி. 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15 க்குக் கீழே ஐந்தாம் நிலை. மேலே சொன்ன ஆண் மூன்றாம் நிலையின் பிற்பாதியில் இருக்கிறார். டயலைசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) பற்றி அவர் இப்போது தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருக்கவும் கூடாது.

இரண்டாவது எண் சிறுநீரில் போகும் அல்புமின் (இரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம்). வடிகட்டி கிழிந்தால் இது வெளியே கசியும். காலைச் சிறுநீர் கொஞ்சம் கொடுத்தால் போதும்; அல்புமினைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300 க்கு மேல் என்றால் நோய் வேகமாக நகரும் ஆபத்து அதிகம். சீனி வருத்தக்காரருக்கு, கிரியாட்டினின் கூடுவதற்குப் பல வருடம் முன்பே இந்த எண் கூடிவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டு வாங்குங்கள். பலருடைய கொப்பியில் மாதா மாதம் சீனி அளவு இருக்கும், இது ஒரு தடவைகூட இருக்காது. அது எனக்குப் பெரிய கவலை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கோடு போட்டு, திகதி, பிரஷர், கிரியாட்டினின், ஈ-ஜிஎப்ஆர், அல்புமின், பொட்டாசியம் என்று வரிசையாக எழுதி வாருங்கள். எந்த எண்ணையும் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தனியாகப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம். போக்கைப் பாருங்கள். ஈ-ஜிஎப்ஆர் வருடத்துக்கு ஒன்றிரண்டு குறைவது ஒன்று. ஒரே வருடத்தில் ஐந்துக்கு மேல் குறைவது வேறு. பின்னது நடந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

‘இது குணமாகுமா?’ தழும்பாகிப் போன வடிகட்டி திரும்பி வராது. குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் மிச்சமிருப்பதைப் பல வருடம் காப்பாற்றலாம். மூன்றாம் நிலையில் உள்ள பெரும்பாலானோர் டயலைசிஸுக்குப் போவதே இல்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும். கிட்னி கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் குளிசை தருவதும் புகைத்தலை விடச் சொல்வதும் அதனால்தான்.

காப்பாற்றுவதில் முதலிடம் பிரஷருக்கு. பொதுவாக 130/80 க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். முதியவர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் இலக்கு மாறலாம். யட்டவத்தயிலிருந்து பஸ் பிடித்து மாத்தளைக்கு ஓடி, வரிசையில் நின்று, உடனே கை நீட்டினால் வரும் எண் உங்கள் உண்மையான பிரஷர் அல்ல. வீட்டிலோ அயலிலோ ஒரு கருவி இருந்தால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, இரண்டு தடவை பாருங்கள். தேத்தண்ணியும் வெற்றிலையும் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

‘லொசாட்டன் குளிசை கிட்னியைக் கெடுக்கிறதாமே?’ இந்தப் பயம் பலரை நாசமாக்கியிருக்கிறது. லொசாட்டன், எனலாப்பிரில் போன்ற பிரஷர் குளிசைகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, புரதக் கசிவைக் குறைப்பவை. தொடங்கிய புதிதில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் வைத்தியர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். அழுத்தம் குறைந்ததன் அடையாளம் அது. அதைப் பார்த்துப் பயந்து நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தொடங்கி இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கர்ப்பமாகும் எண்ணம் உள்ள பெண்கள் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தில் இந்தக் குளிசைகள் ஆகாது.

டப்பாகிளிப்ளோசின் என்ற பெயரும் இப்போது உங்கள் காதில் விழலாம். சீனிக்காக வந்த குளிசை இது. 21 நாடுகளில் 4,000 க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தி 2020 இல் வெளியான ஆய்வில், சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கும் இது சிறுநீரகத்தைக் காத்தது தெரிந்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சிறுநீர் போகும் இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

2022 இல் நாடு நெருக்கடியில் இருந்தபோது வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் போனது நினைவிருக்கும். இப்போதும் ஒரு மாதம் ஒரு குளிசை ‘இல்லை’ என்று வரலாம். அப்போது குளிசையின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி, வெளியே பாமசியில் வாங்குங்கள். முழு மாதத்துக்குப் பணம் இல்லாவிட்டால், எது கட்டாயம் வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டு அதை முதலில் வாங்குங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். பல வருடமாக இறங்காத சீனி, திடீரென்று தானாக இறங்கத் தொடங்கினால் நல்ல காலம் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம் தளரும்போது இன்சுலினும் சில குளிசைகளும் உடம்பை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். பழைய அளவே இப்போது கூடிப்போகும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே இனிப்பான ஏதாவது குடித்துவிட்டு, அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரைக் கேளுங்கள். மெட்போமினும் அப்படித்தான்: ஈ-ஜிஎப்ஆர் 45 க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30 க்குக் கீழே நிறுத்துவார்கள்.

இனி, உங்கள் சிறுநீரகத்துக்கு நீங்களே செய்யக்கூடிய கெடுதிகள். முதலாவது வலிக் குளிசை. நாள் முழுவதும் தோட்டத்தில் குனிந்து வேலை செய்து முழங்கால் வலித்தால், கடையில் போய் ‘நல்ல குளிசையாக ரெண்டு தாங்க’ என்று கேட்பது நம் பழக்கம். சின்னக் கடதாசிப் பையில் பெயர் இல்லாமல் வரும் அந்தக் குளிசை டைக்ளோபெனக்காகவோ, இபுபுரூபனாகவோ, மெபெனமிக் அசிட்டாகவோ இருக்கலாம். இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. லொசாட்டனும், நீர் போக்கும் குளிசையும், இதுவும் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் விழுந்துவிடக்கூடும். வலிக்குப் பெரசிட்டமோல் (பனடோல்) போடலாம், வைத்தியர் சொன்ன அளவுக்குள். பாமசியில் எதை வாங்கினாலும் ‘எனக்குக் கிட்னி நோய் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். மருந்து ஏற்றிச் செய்யும் சீ.ரி. ஸ்கேனுக்கு அனுப்பினாலும் அதையே சொல்லுங்கள்.

‘நாட்டு மருந்து?’ எல்லா நாட்டு மருந்தும் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மூலிகையை நீங்கள் பெயரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிங்களத்தில் சப்சந்த என்றும் தமிழில் ஈச்சுரமூலி என்றும் சொல்லப்படும் கொடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. 1993 இல் பெல்ஜியத்தில், உடம்பு மெலிவதற்காக அதே இனத்து மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போனது தெரிய வந்தது. பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. கஷாயம் குடிப்பதென்றால் அதில் என்னென்ன சேர்கிறது என்று கேளுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் மருந்தை வாங்காதீர்கள்.

வீட்டு முற்றத்தில் நிற்கும் இரண்டு மரங்களையும் சொல்ல வேண்டும். சீனிக்கு நல்லது என்று காமரங்காய் அடித்துச் சாறாகக் குடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; கொலஸ்ட்ரோலுக்கு என்று பிலிம்பிக்காய்ச் சாறு குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேட் (சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் உப்பு) மிக அதிகம். வெறும் வயிற்றில் ஒரு குவளைச் சாறு குடித்து, நல்ல சிறுநீரகமே பழுதாகி வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காமரங்காய் மூளையையும் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகலாம். அதிலிருக்கும் நச்சுப் பொருளை 2013 இல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். சிறுநீரக நோயாளி காமரங்காயைத் தொடவே கூடாது. கறியிலோ அச்சாற்றிலோ கூட வேண்டாம்.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். ‘நான் சோற்றுக்கு உப்பே போடுவதில்லை’ என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் உப்பு சோற்றுக்குள் வருவதில்லை. நெத்தலிக் கருவாடு, மாசி போட்ட கட்டசம்பல், பப்படம், ஊறுகாய், அச்சாறு, பான், பிஸ்கட், சூப் கட்டி, பக்கற்றோடு வரும் சோயாமீட் மசாலா, நூடுல்ஸ் தூள் இவற்றில்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் வீட்டில் நடக்காது. முதலில் கருவாட்டை வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆக்குங்கள், அதையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவிச் சமையுங்கள். சோயாமீட்டோடு வரும் தூளை எறிந்துவிட்டு வீட்டு மிளகாய்த்தூள் போடுங்கள். நம் மாவட்டத்தில் மிளகுக்கும் கறுவாவுக்கும் குறை இல்லை. தேசிக்காய்ப் புளியும் மிளகும் இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். சமையல் ஒரே சட்டியில்தான் நடக்கும் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் உப்பைக் குறைப்பதுதான் நடைமுறைக்கு வரும் வழி. அவர்களுக்கும் அது நல்லதே.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும்.

பொட்டாசியம் என்றதும் வரும் சந்தேகம்: ‘வாழைப்பழம், இளநீர், பலா எல்லாம் நிறுத்த வேண்டுமா?’ எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் பழமும் மரக்கறியும் உங்களுக்கு நல்லவை. 5 ஐத் தாண்டினால்தான் கட்டுப்பாடு. 6 ஐத் தாண்டினால் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு, ஆகவே அந்தக் கட்டுப்பாட்டை இலேசாக எடுக்காதீர்கள். அப்போது செவ்விளநீர், வாழைப்பழம், பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு, இலைக்கஞ்சி ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். மரக்கறியையும் கிழங்கையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும்.

மீன், முட்டை, பருப்பு? அறவே விட்டுவிடுவது பிழை. உடம்பு எடை கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். நம் வீடுகளில் பலர் சாப்பிடுவதே அவ்வளவுதான். புரதப் பொடிகளை வாங்காமல் இருந்தால் போதும். டயலைசிஸ் தொடங்கியவருக்குக் கணக்கு மாறும், அவர் கூடச் சாப்பிட வேண்டும்.

‘நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவப்படுமே?’ கனடாவில் மூன்றாம் நிலை நோயாளிகள் 631 பேரிடம் இதையே சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லியும், நோயின் வேகம் குறையவில்லை. ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள். வெயிலில் வேலை செய்தால் தாகம் வருமுன்பே அடிக்கடி குடியுங்கள். கால் வீங்கியிருந்தால் அல்லது சிறுநீர் குறைந்திருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து ஒன்றும் இறங்காத நாட்களுக்குத் தனிச் சட்டம். அப்படிப்பட்ட நாளில் லொசாட்டன், எனலாப்பிரில், நீர் போக்கும் குளிசை, மெட்போமின், டப்பாகிளிப்ளோசின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எவற்றை, எத்தனை நாள் என்று நல்லாயிருக்கும்போதே கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. 2008 இல் நாட்டில் அது பெரிதாகப் பரவியபோது மாத்தளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. அது நல்ல சிறுநீரகத்தையே சில நாளில் முடக்கும். ஏற்கெனவே பாதி உள்ளவரை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். வயல் வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை கேளுங்கள். சேற்றில் இறங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வயலில் நின்றதைச் சொல்லி அன்றே காட்டுங்கள்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். காரணம் தெரியாத அந்த நோய் 1990 களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடந்த ஆய்வு 2013 இல் வெளியானபோது, அந்தப் பகுதிகளில் ஆண்களில் 12.9 சதவீதத்தினருக்கும் பெண்களில் 16.9 சதவீதத்தினருக்கும் நோய் இருப்பதாகச் சொன்னது. கடுமையான நிலை ஆண்களிடம்தான் அதிகம். கட்மியம், கிருமிநாசினி, புளோரைட்டும் கடினத்தன்மையும் உள்ள நிலத்தடி நீர், வெயிலில் நீர் வற்றிப்போதல் என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றே காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. எல் சல்வடோர், நிக்கராகுவா கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரி நோய் உழைப்பாளிகளைத் தாக்குகிறது.

உங்களுக்கு அதுவாக இருக்குமா என்று எப்போது நினைக்கலாம்? சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, சிறுநீரில் புரதம் போவதும் கொஞ்சம்தான், ஆனால் கிரியாட்டினின் ஏறுகிறது. வில்கமுவ, மகாவலிப் பகுதி, வடமத்திய மாகாணம் போன்ற இடங்களில் பல வருடம் வயல் வேலை செய்திருக்கிறீர்கள் என்றால், அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். யட்டவத்தயில் திருமணம் முடித்து வந்து குடியிருந்தாலும், பழைய ஊர் எது என்பது முக்கியம். தண்ணீரில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிச் சோதிக்கக் கேளுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புகளும் உலோகமும் போகாது. குழாய் நீரோ, சுத்தமாகப் பிடித்த மழைநீரோ, வடிகட்டிய நீரோதான் மாற்று. ஆனால் எந்தத் தண்ணீருக்கு மாறினாலும் குளிசையும் சோதனையும் தொடர வேண்டும்.

எப்போது சிறுநீரக நிபுணரைப் பார்ப்பது? ஈ-ஜிஎப்ஆர் 30 க்குக் கீழே, அல்லது அல்புமின் 300 க்கு மேல், அல்லது எண் வேகமாக விழுகிறது, அல்லது சிறுநீரில் இரத்தம் என்றால் கடிதம் கேளுங்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பொலன்னறுவையில் 2021 இல் திறக்கப்பட்ட சிறுநீரக நோய்க்கான தேசிய விசேட வைத்தியசாலையும் இருக்கிறது.

நான்காம் நிலைக்கு வந்தவர் இன்றிலிருந்தே ஒன்று செய்யலாம்: எழுதாத கையைப் பாதுகாப்பது. டயலைசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையின் இரத்தக் குழாயைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். இரத்தம் எடுக்கவும் சேலைன் ஏற்றவும் மற்றக் கையின் பின்புறத்தை நீட்டுங்கள். ‘இந்தக் கை வேண்டாம், மிஸ்’ என்று சொன்னால் தாதியர் புரிந்துகொள்வார்கள். மஞ்சட்காமாலை பி தடுப்பூசியையும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வாரத்தில் பல தடவை கண்டிக்கோ மாத்தளைக்கோ போய்வருவது முடியாதவர்கள், வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயலைசிஸ் முறையைப் பற்றிக் கேட்கலாம். உறவினர் ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்தால், டயலைசிஸ் தொடங்குவதற்கு முன்பே மாற்றுச் சத்திரசிகிச்சை செய்ய வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். நேரம் இருக்கும்போது கேட்டால்தான் தெரிவு செய்ய முடியும்.

மூச்சு முட்டிப் படுக்க முடியாமல் போவது, சிறுநீர் நின்றுவிடுவது, நிற்காத வாந்தி, கைகால் சோர்ந்து நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிப்பது, நினைவு தடுமாறுவது இவற்றில் ஒன்று வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இரவென்றாலும் 1990 ஐ அழைத்து அம்புலன்ஸில் போங்கள். கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு? உங்கள் சகோதரர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு தடவை பிரஷர், சீனி, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் பார்ப்பது நல்லது. 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். ‘வீட்டில் கிட்னி நோய் இருக்கிறது’ என்று சொல்லி மற்றச் சோதனைகளையும் எழுதித் தரக் கேளுங்கள்.

கடைசியாகப் பணம். குறைந்த வருமானம் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு அரசாங்கம் மாதக் கொடுப்பனவு தருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். நோய் எந்தக் காரணத்தால் வந்தாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் கிராம உத்தியோகத்தரிடமும், பிறகு யட்டவத்த பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி, தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றோடு, நோயின் நிலையைக் குறிப்பிட்டு வைத்தியர் எழுதிய கடிதமும் இருந்தால் அலைச்சல் குறையும். அந்தக் கடிதத்தைக் கிளினிக் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். அதற்காக மட்டும் இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டியிராது.